ஃபுட்பால் மேனேஜரில் சொந்தமாக ஒரு டாக்டிக் கட்டலாம்: 4-4-2 வைத்து முழுமையான வழிகாட்டி

ஃபுட்பால் மேனேஜர், அதாவது ஒரு கால்பந்து கிளப்பை நீங்களே நடத்தும் கம்ப்யூட்டர் கேம், ஆட ஆரம்பிப்பவர்கள் பலர் முதல் வாரத்திலேயே யாரோ கட்டிவைத்த டாக்டிக் (அணி எப்படி ஆட வேண்டும் என்ற திட்டம்) ஒன்றை டவுன்லோடு செய்து போட்டுவிடுகிறார்கள். முதல் சில மேட்ச்கள் நன்றாகப் போகும். அப்புறம் வரிசையாக மூன்று தோல்வி வந்தால் எதைத் தொடுவது, எதை விடுவது என்று புரியாது, ஏனென்றால் அந்த ரைட் பேக் ஏன் மேலே ஓடுகிறார், அந்த ஸ்ட்ரைக்கர் ஏன் கீழே இறங்கி வருகிறார் என்பதெல்லாம் கட்டியவருக்குத்தான் தெரியும். சொந்தமாகக் கட்டினால் அந்தக் காரணங்கள் உங்கள் கையில் இருக்கும், தோற்றாலும் எங்கே கழன்றது என்று போய்ப் பார்க்கலாம்.

நான் ஆடுவது 2024 பதிப்பு. இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்வது இங்கிலாந்தின் ஆறாம் நிலையான நேஷனல் லீக் நார்த்தில் நான் நடத்திய ஒரு சின்ன கிளப். 24 அணிகள், 46 லீக் மேட்ச், முதலிடம் பிடிக்கும் ஒரே அணி நேராக மேலே போகும், 2 முதல் 7 வரை பிளே ஆஃப். வீரர்களில் பெரும்பாலானோர் பகுதி நேரம் ஆடுபவர்கள். பெரிய கிளப்பில் வீரர்களின் திறமை டாக்டிக்கின் ஓட்டைகளை மூடிவிடும், அதனால் கற்றுக்கொள்ள இந்த மாதிரி இடம்தான் நல்லது.

முதலில் ஒரு வரி எழுதுங்கள்

டாக்டிக் ஸ்கிரீனைத் திறக்கும் முன் ஒரு பேப்பரில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: நம்முடைய கோல் எப்படி வரப்போகிறது? இதற்குப் பதில் இல்லாமல் ஃபார்மேஷன் தேடுவது, யார் சாப்பிட வருகிறார்கள் என்று தெரியாமல் அடுப்பு பற்றவைப்பது போல.

2015-16 லெஸ்டர் சிட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். க்ளாடியோ ரனியேரியின் அந்த அணி 81 புள்ளிகளோடு, இரண்டாவது வந்த ஆர்சனலைவிட 10 புள்ளி கூடுதலாக எடுத்து பிரீமியர் லீக்கை ஜெயித்தது. அவர்கள் கோல் எப்படி வரும் என்பதைச் சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான்: பின்னால் நெருக்கமாக நின்று பந்தைப் பறிப்பார்கள், ட்ரிங்க்வாட்டர் டிஃபென்ஸின் தலைக்கு மேல் தூக்கிப் போடுவார், வார்டி ஓடுவார். வார்டி அந்த சீசனில் லீக்கில் 24 கோல், வலது பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி வரும் மாரெஸ் 17. ஹூத்தும் மார்கனும் வேகமானவர்கள் இல்லை என்பதால் பின்னால் தள்ளி நின்றது, ஒகசாகி முன்னால் ஓடிஓடித் தொல்லை கொடுத்தது, கான்டே நடுவில் பந்தைப் பிடுங்கியது, எல்லாமே அந்த ஒரு வரிக்காக நடந்தவை. கான்டே 2016 கோடையில் செல்சீக்குப் போனார், செல்சீ அடுத்த சீசனில் சாம்பியன் ஆனது, லெஸ்டர் 12-வது இடத்துக்கு இறங்கியது. அந்த வரியைத் தாங்கிய தூண்களில் ஒன்று போய்விட்டது.

என் அணிக்கு நான் எழுதிய வரி: எதிரணியை நடுக்கோடு தாண்டி வரவிடு, பறித்த உடனே மூன்று பாஸுக்குள் பந்து அவர்கள் டிஃபென்ஸுக்குப் பின்னால் போகட்டும். இனி வரும் ஒவ்வொரு முடிவையும் இந்த வரியோடு வைத்துப் பார்த்துத்தான் எடுக்கப்போகிறோம்.

அந்த வரி உங்கள் ஆட்களுக்குப் பொருந்துகிறதா

வீரர்களின் திறன்கள் 1 முதல் 20 வரையிலான எண்களில் இருக்கும். ஆறாம் நிலையில் 8, 9 என்பதே கௌரவமான எண். எனவே எண் பெரியதா என்று பார்க்காமல், லீக்கில் மற்றவர்களைவிட நமக்கு எது அதிகம் என்று பாருங்கள். உங்கள் அணியை லீக்கோடு ஒப்பிட்டுக் காட்டும் பக்கத்தில் ஐந்து நிமிடம் செலவழித்தால் போதும், அணியின் குணம் தெரிந்துவிடும். என் அணி பாஸிங்கிலும் டெக்னிக்கிலும் கடைசி வரிசை, வேகத்திலும் உழைப்பிலும் மேல்வரிசை. இந்த அணியை வைத்துக்கொண்டு டிக்கி டாக்கா (சின்னச் சின்னப் பாஸ்களால் பந்தைக் கையில் வைத்திருக்கும் ஆட்டம்) ஆட ஆசைப்பட்டால் அது வீரர்களுக்குச் செய்யும் அநியாயம்.

மைதானத்தில் ஒவ்வொரு வீரருக்கும் நீங்கள் கொடுக்கும் வேலைதான் ரோல். அதற்குப் பக்கத்தில் கேம் காட்டும் பச்சை வட்டத்தை அப்படியே நம்பாதீர்கள். அந்த ரோலுக்குரிய முக்கியத் திறன்களின் மொத்தக் கணக்குத்தான் அது. டிஃபென்ஸுக்குப் பின்னால் ஓட வேண்டிய ஸ்ட்ரைக்கருக்கு நான் தேடுவது ஆக்ஸலரேஷன், பேஸ், ஆஃப் த பால் (பந்து இல்லாமல் நகரும் திறன்), கம்போஷர் (பதற்றமில்லாமை), இந்த நான்கும்தான். ஹெடிங் 4 இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. ஃபினிஷிங் நன்றாக இருந்து ஆக்ஸலரேஷன் குறைவாக இருப்பவரை என் வரி பெஞ்சில் உட்காரவைத்துவிடும், அவர் ஓடி முடிப்பதற்குள் டிஃபெண்டர் திரும்பி வந்துவிடுவார்.

ஃபார்மேஷன் என்பது பந்து நம்மிடம் இல்லாத நேரத்துக்கு

நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இது. 2024 பதிப்பிலும் அதற்கு முந்தையவற்றிலும் டாக்டிக் ஸ்கிரீனில் நீங்கள் வரையும் வடிவம், பந்து எதிரணியிடம் இருக்கும்போது உங்கள் ஆட்கள் நிற்கும் வடிவம். பந்து நமக்குக் கிடைத்ததும் யார் எங்கே போவார் என்பதை ரோலும் டியூட்டியும்தான் தீர்மானிக்கும். டியூட்டி என்பது அந்த ரோலில் அவர் முன்னால் ஓட வேண்டுமா (அட்டாக்), கூட வர வேண்டுமா (சப்போர்ட்), பின்னால் நிற்க வேண்டுமா (டிஃபெண்ட்) என்பது. விங்கர்களை மேல் வரிசையில் வைத்து 4-2-4 என்று வரைந்தால் அட்டாக் பலமாகிவிடும் என்று நினைக்கிறார்கள், உண்மையில் நடப்பது என்னவென்றால் அந்த இரண்டு பேரும் டிஃபென்ஸுக்குத் தாமதமாகத்தான் இறங்குவார்கள், ஃபுல் பேக்குகள், அதாவது ஓரத்து டிஃபெண்டர்கள், இரண்டு பேரை ஒருவராகச் சமாளிக்க வேண்டி வரும். 4-4-2-இல் அவர்களை மிட்ஃபீல்டு வரிசையில் வைத்து அட்டாக் டியூட்டி கொடுத்தாலே பந்து வந்ததும் மேலே ஏறிவிடுவார்கள்.

2026 பதிப்பில் இதை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். பந்து இருக்கும்போது ஒரு ஃபார்மேஷன், இல்லாதபோது இன்னொன்று, இரண்டுக்கும் தனித்தனி ரோல், டியூட்டி என்பதே கிடையாது. அதில் ஆடுபவர்கள் நான் டியூட்டி என்று எழுதும் இடங்களில், ‘பந்து வந்ததும் இந்த ஆள் முன்னால் ஓட வேண்டுமா, கூட வர வேண்டுமா, பின்னால் நிற்க வேண்டுமா’ என்று படித்துக்கொண்டு அதற்கேற்ற ரோலைத் தேடினால் சரியாக வரும்.

என் வரிக்கு 4-4-2 ஏன்? நான்கு, நான்கு என்று இரண்டு வரிசை நெருக்கமாக நின்றால் நடுவில் நுழைவது கஷ்டம். பறித்த உடனே முன்னால் ஒருவருக்குப் பதில் இரண்டு பேர் இருப்பார்கள், ஒருவர் பந்தை வாங்க, ஒருவர் ஓட.

ரோலும் டியூட்டியும்: நேரம் முழுவதும் இங்கே செலவாகட்டும்

ரோல்களை ஒவ்வொன்றாகத் தனியாகப் பார்க்காதீர்கள், ஜோடி ஜோடியாகப் பாருங்கள். ஒருவர் இடத்தைக் காலி செய்தால் இன்னொருவர் அதில் நுழைய வேண்டும், ஒருவர் மேலே போனால் இன்னொருவர் அவர் விட்டுப்போன இடத்தைக் காக்க வேண்டும்.

முன்னால் இருக்கும் ஜோடியில் ஆரம்பிக்கலாம். இடதுபக்க ஸ்ட்ரைக்கர் அட்வான்ஸ்டு ஃபார்வர்டு, அட்டாக். வலதுபக்கம் டீப் லையிங் ஃபார்வர்டு, சப்போர்ட். இந்த இரண்டாமவர் பந்தை வாங்கக் கீழே இறங்குவார், எதிரணி சென்டர் பேக் ஒருவர் கூடவே வருவார், அவர் விட்டுவந்த பள்ளத்தில்தான் முதல் ஸ்ட்ரைக்கர் ஓட வேண்டும். இரண்டு பேருக்குமே அட்டாக் கொடுத்தால் இரண்டு பேரும் ஒரே கோட்டில் நின்றுகொண்டு பந்துக்குக் காத்திருப்பார்கள், மிட்ஃபீல்டுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு மைதானமே கிடக்கும்.

அடுத்தது பக்கவாட்டு ஜோடிகள். இடதில் விங்கர், சப்போர்ட். அவர் கோட்டை ஒட்டியே நிற்பார், அந்தப் பக்கத்து அகலத்தை அவரே தந்துவிடுவதால் அவருக்குப் பின்னால் ஃபுல் பேக்குக்கு டிஃபெண்ட் டியூட்டி போதும். வலதில் இடதுகாலால் ஆடும் ஆளை இன்வர்ட்டட் விங்கர், அட்டாக் என்று வைத்தேன். அவர் உள்ளே வெட்டிப் போய்விடுவதால் வலது ஓரம் காலியாகும், அதனால் வலது ஃபுல் பேக்குக்கு சப்போர்ட் டியூட்டி. இரண்டு பக்கமும் கண்ணாடி பார்த்த மாதிரி ஒன்றாக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கம் நின்றால் பின்னால் எப்போதும் மூன்று பேர் இருப்பார்கள்.

நடு மிட்ஃபீல்டில் இரண்டே பேர் என்பதால் இங்கே கஞ்சத்தனமாக இருக்க வேண்டும். வலதில், அதாவது மேலே ஏறும் ஃபுல் பேக்கின் பக்கத்தில், டீப் லையிங் பிளேமேக்கர், டிஃபெண்ட். நீளமான பாஸ் போடும் ஆளும் இவரே, வலது ஓரத்தின் காவலும் இவரே. இடதில் பாக்ஸ் டு பாக்ஸ் மிட்ஃபீல்டர், நம் பாக்ஸிலிருந்து எதிரணி பாக்ஸ் வரை ஓடும் ஆள். கான்டே ஞாபகத்தில் பலர் இங்கே பால் வின்னிங் மிட்ஃபீல்டரைப் போடுவார்கள். மூன்று பேர் இருக்கும் மிட்ஃபீல்டில் அது சரி. இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது அந்த ரோல் பந்தைத் துரத்திக்கொண்டு ஓரம்வரை போய்விடும், நடுவாசல் திறந்து கிடக்கும். ஸ்டாமினா, வொர்க் ரேட், ஆன்டிசிபேஷன், பொசிஷனிங் நான்கும் உங்கள் லீக்கின் சராசரிக்கு மேல் இருக்கும் ஆள் கிடைத்தால் ஒழிய அதைத் தொடாதீர்கள்.

சென்டர் பேக்குகள் இருவருக்கும் வெறும் சென்ட்ரல் டிஃபெண்டர், டிஃபெண்ட். கீப்பருக்கு கோல் கீப்பர், டிஃபெண்ட். பால் பிளேயிங் டிஃபெண்டர் என்ற பெயரைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம், பாஸிங் 6 இருப்பவர் கையில் பின்னாலிருந்து துணிச்சலான பாஸ் போடும் உரிமையைக் கொடுத்தால் பந்து நேராக எதிரணிக்குப் போகும்.

மென்டாலிட்டி

வெரி டிஃபென்சிவ் முதல் வெரி அட்டாக்கிங் வரை ஏழு நிலைகள். இதை கோல் அடிக்கும் ஆசையின் அளவு என்று நினைத்துக் கூட்டுவதுதான் பொதுவான தப்பு. ரிஸ்க் எவ்வளவு எடுக்கலாம் என்பதன் அளவு இது. இதை ஒரு நிலை மாற்றினால் டெம்போ, அகலம், டிஃபென்ஸ் கோட்டின் உயரம், பிரஸ்ஸிங் எல்லாமே கூடவே நகரும், நீங்கள் வேறு எதையும் தொடாவிட்டாலும். பேலன்ஸ்டில் ஆரம்பியுங்கள். அங்கேதான் உங்கள் மற்ற மாற்றங்களின் விளைவு தெளிவாகத் தெரியும்.

டீம் இன்ஸ்ட்ரக்‌ஷன்: குறைவாக, இன்னும் குறைவாக

ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்‌ஷனும் வீரர்கள் பழக வேண்டிய ஒரு பாடம். பகுதி நேர அணிக்கு வாரத்தில் பயிற்சி நேரமே கொஞ்சம்தான். நான் தேர்ந்தெடுத்தவை: பந்து இருக்கும்போது, கொஞ்சம் நேரடியான பாஸிங், கொஞ்சம் கூடுதல் டெம்போ, பாஸ் இன்டு ஸ்பேஸ் (ஆளுக்கு முன்னால் காலி இடத்தில் பாஸ்). பந்து கை மாறும்போது, பறித்தால் கவுன்ட்டர் (உடனே முன்னால் பாய்வது), இழந்தால் ரீகுரூப் (துரத்தாமல் பின்னால் வந்து அணிவகுப்பது). கீப்பருக்கு, பந்தை வேகமாக வெளியே அனுப்பு. இவ்வளவுதான், எல்லாமே அந்தப் பேப்பர் வரியிலிருந்து வந்தவை.

ஒன்றை ஒன்று அடித்துக்கொள்ளும் இன்ஸ்ட்ரக்‌ஷன்களைக் கவனியுங்கள். வொர்க் பால் இன்டு பாக்ஸ் என்றால் ஷாட் அடிக்கும் முன் பொறுமையாக நல்ல வாய்ப்பைத் தேடு என்று அர்த்தம். அதோடு ஹிட் எர்லி கிராஸஸ், அதாவது சீக்கிரமே ஓரத்திலிருந்து பந்தை உள்ளே அடி, என்று கொடுத்தால் ஒரே ஆளிடம் நில், ஓடு என்று இரண்டும் சொன்ன மாதிரி. அதேபோல ‘ஓவர்லேப் ரைட்’ (வலது ஃபுல் பேக் விங்கரைத் தாண்டி ஓடு) என்று தனியாகச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, ரோல்களே அதைச் செய்துவிட்டால்.

பந்து இல்லாதபோது இரண்டு கோடுகள் முக்கியம். லைன் ஆஃப் என்கேஜ்மென்ட் என்பது நம் முன்வரிசை எந்த இடத்திலிருந்து எதிரணியை நெருக்க ஆரம்பிக்கும் என்பது. டிஃபென்சிவ் லைன் என்பது நம் பின்வரிசை எங்கே நிற்கும் என்பது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம்தான் எதிரணிக்கு நாம் கொடுக்கும் இடம். முன்னால் ஹை பிரஸ், பின்னால் லோயர் லைன் என்று வைத்தால் அணி ரப்பர் பேண்டு மாதிரி இழுபடும், நடுவில் எதிரணியின் நம்பர் 10, அதாவது ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஆடும் ஆள், தனியாக உலா வருவார். என் அணிக்கு மிட் பிளாக் (மைதானத்தின் நடுப்பகுதியிலிருந்து நெருக்குவது), ஸ்டாண்டர்டு லைன். சென்டர் பேக்குகளின் பேஸ் ரொம்பக் குறைவு என்றால் லைனை ஒருபடி கீழே இறக்கலாம், ஆனால் பிளாக்கையும் சேர்த்து இறக்குங்கள்.

பழக விடுங்கள்

டாக்டிக் ஸ்கிரீனில் பழக்கத்தின் அளவைக் காட்டும் பட்டைகள் இருக்கும். ப்ரீ சீசன் முழுக்க ஒரே டாக்டிக்கை வையுங்கள், பயிற்சி அட்டவணையில் டாக்டிக்ஸ் சம்பந்தப்பட்ட பயிற்சிகளைக் கூடுதலாகப் போடுங்கள், நட்பு ஆட்டங்களை நம்மைவிடப் பலவீனமான அணிகளோடு ஆரம்பித்து, கடைசி இரண்டை மட்டும் நம்மைவிடக் கொஞ்சம் பலமானவர்களோடு வையுங்கள். என் வரி எதிரணி மேலேறி வந்தால்தான் வேலை செய்யும், அது வேலை செய்கிறதா என்று அந்தக் கடைசி இரண்டு ஆட்டத்தில்தான் தெரிய வரும்.

மேட்சைப் பாருங்கள், ஸ்கோரை அல்ல

முதல் ஐந்து லீக் மேட்ச்களையாவது காம்ப்ரிஹென்சிவ் ஹைலைட்ஸில் பாருங்கள். கீ ஹைலைட்ஸ் பெரும்பாலும் கோலையும் பெரிய வாய்ப்புகளையும் மட்டும் காட்டும், அதற்கு நான்கு பாஸ் முன்னால் நடந்த தப்பைக் காட்டாது.

நான் முதலில் போட்ட அணியில் இரண்டு ஃபுல் பேக்குகளுக்குமே அட்டாக் டியூட்டி கொடுத்திருந்தேன். மூன்றாவது மேட்ச், 60 நிமிடம் வரை 1-0 முன்னிலை. நம் கார்னர் ஒன்று வெளியே அடிக்கப்பட்டது, பந்து நமக்கே திரும்பக் கிடைத்தது, இடது ஃபுல் பேக் கிராஸ் போட்டார், எதிரணி கீப்பர் அதைப் பிடித்து உடனே தன் வலது விங்கருக்கு எறிந்தார். அந்த விங்கர் பாதி மைதானம் தனியாக ஓடினார். இடது சென்டர் பேக் அவரைத் தடுக்க ஓரத்துக்குப் போனார், அவர் விட்ட இடத்தில் ஸ்ட்ரைக்கர் நுழைந்தார், 1-1. பத்து நிமிடம் கழித்து அதே கோல், இந்த முறை மறுபக்கத்தில். ரீப்ளேயை நிறுத்திப் பார்த்தால், பந்தை இழந்த அந்த நொடியில் நம் பாதியில் இரண்டே பேர் நிற்கிறார்கள். டிஃபெண்டர்கள் மோசம் என்று திட்டி ஆள் மாற்றியிருந்தால் எதுவும் சரியாகியிருக்காது. இடது பேக்கை டிஃபெண்டுக்கும் வலது பேக்கை சப்போர்ட்டுக்கும் மாற்றினேன். மேலே எழுதியிருக்கும் அமைப்பு அப்படி வந்ததுதான்.

இன்னொன்று கேமின் புள்ளிவிவரப் பக்கமான டேட்டா ஹப்பில் கிடைத்தது. சராசரி நிலையைக் காட்டும் படத்தில் கீழே இறங்கும் ஸ்ட்ரைக்கரும் உள்ளே வரும் வலது விங்கரும் ஒரே புள்ளியில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் கீழிறங்கும் ஸ்ட்ரைக்கர் வலதில் இருந்தார், விங்கருக்கும் முதலில் நான் சப்போர்ட் டியூட்டியே கொடுத்திருந்தேன். விங்கரை அட்டாக்குக்கு மாற்றியதும், இவர் இறங்க அவர் இவரைத் தாண்டி ஓட ஆரம்பித்தார். அந்த மாற்றம் ஒரே ஒரு கிளிக்.

மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மூன்று மேட்ச் பொறுங்கள். எக்ஸ்ஜி (கிடைத்த வாய்ப்புகளின் தரத்தை வைத்து எத்தனை கோல் வந்திருக்க வேண்டும் என்ற கணக்கு) நம் பக்கம் அதிகமாக இருந்தும் தோற்றால் விட்டுவிடுங்கள், அது திரும்பி வரும். எக்ஸ்ஜி-யே குறைவாக இருந்தால்தான் கை வையுங்கள். எண்ணிக்கையில் நிறைய ஷாட், ஆனால் எக்ஸ்ஜி கம்மி என்றால் தூரத்திலிருந்து அடிக்கிறார்கள், அதாவது உள்ளே ஓடுபவர் யாரும் இல்லை, மறுபடி ஜோடிகளைப் போய்ப் பாருங்கள்.

மேட்சுக்குள் மாற்றுவது

டாக்டிக் ஸ்லாட் மூன்று உண்டு. மூன்றிலும் மூன்று ஃபார்மேஷன் வைக்காதீர்கள், பழக்கம் சிதறும். அதே 4-4-2-ஐ இன்னொரு ஸ்லாட்டில், பேலன்ஸ்டுக்கு ஒருபடி கீழே இருக்கும் காஷியஸ் மென்டாலிட்டியோடு, பாக்ஸ் டு பாக்ஸ் இடத்தில் சென்ட்ரல் மிட்ஃபீல்டர் டிஃபெண்ட் வைத்து வையுங்கள், 75-வது நிமிடத்தில் முன்னிலையில் இருக்கும்போது எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது, நம் மைதானத்துக்கு வந்து பஸ்ஸை நிறுத்திவைக்கும், அதாவது கோல் முன்னால் கூட்டமாக நின்றுவிடும், அணிகளுக்கு. கவுன்ட்டர் அணிக்கு உண்மையான தலைவலி அவர்கள்தான், பின்னால் ஓட இடமே தரமாட்டார்கள். அதற்கு பாசிட்டிவ் மென்டாலிட்டி வைத்து, பாஸ் இன்டு ஸ்பேஸை எடுத்துவிட்டு, அகலத்தைக் கூட்டி, கீழிறங்கும் ஸ்ட்ரைக்கர் இடத்தில் உயரமான டார்கெட் ஃபார்வர்டு ஒருவரை இறக்குங்கள், இடது விங்கரின் கிராஸுக்கு வேலை கிடைக்கும்.

ஸ்டாமினாவையும் மறக்க வேண்டாம். 46 மேட்சுக்கு இடையில் கோப்பை ஆட்டங்களும் வரும், சனி-செவ்வாய்-சனி என்று அடுக்கும் வாரங்களில் 60-வது நிமிடத்திலேயே கண்டிஷன் இதயங்கள் நிறம் மாறும். முதலில் மாற்ற வேண்டியது கீழிறங்கும் ஸ்ட்ரைக்கரையும் பாக்ஸ் டு பாக்ஸ் ஆளையும், அதிகம் ஓடுவது அந்த இருவர்தான்.

கடைசியாக செட் பீஸ், அதாவது கார்னர், ஃப்ரீ கிக் போன்றவை. 2024 பதிப்பில் இதைப் புதிதாக அமைத்திருக்கிறார்கள், கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்னாலே ஓரளவு நல்ல அமைப்பு வந்துவிடும். அட்டாக்கிங் கார்னருக்கு அதுவே போதும். எதிரணியின் கார்னருக்கு மட்டும் ஒரு வேலை செய்யுங்கள்: அட்வான்ஸ்டு ஃபார்வர்டை பாக்ஸுக்குள் இறக்காமல் நடுக்கோட்டருகே நிற்கவையுங்கள். அவரைப் பார்த்துக்கொள்ள எதிரணி ஆட்களைப் பின்னால் விட்டுவைக்க வேண்டி வரும், நம் பாக்ஸில் கூட்டம் குறையும். அப்படி விட்டுவைக்காவிட்டால், கீப்பர் பந்தைப் பிடித்த நொடியில் உங்கள் பேப்பரில் இருக்கும் அந்த ஒரு வரி ஓட ஆரம்பித்துவிடும்.